கம்பரா இரவுப் பனியை மரத்தில் வெட்டிப் பார்த்தேன்

அம்மாவிடம் வீடியோ காலில், "லீவு நாள்ல கம்பராவை மரத்துல வெட்டி அச்சுப் போடப் போறேன்" என்று சொன்னேன். "கம்பரா? ராமாயணம் பாடினாரே, அவரா? அவரை எதுக்குடா வெட்டறே?" என்றார். அது ஒரு ஊர், ஜப்பானில் இருக்கிறது, அந்த ஊரின் பனி இரவை ஹிரோஷிகே என்ற ஓவியர் படமாக வரைந்திருக்கிறார், அந்தப் படத்தைத்தான் வெட்டப் போகிறேன் என்று புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. இது ஜனவரி முதல் வாரம். இப்போது பிப்ரவரி முடியப் போகிறது, கையில் எட்டு அச்சு தேறியிருக்கிறது, மீதியெல்லாம் குப்பை அல்லது குப்பைக்குப் பக்கம். இந்த வேலையில் இறங்க நினைக்கிற யாருக்காவது உதவும் என்பதால் எங்கெங்கே கோட்டை விட்டேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் படத்தைப் பற்றி. டோக்கைடோ என்பது எடோவிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, கியோட்டோ வரை பெரும்பாலும் கடலோரமாகவே போன பழைய நெடுஞ்சாலை. ஏறத்தாழ 490 கிலோமீட்டர், நடந்து போகிறவர்களுக்கு இரண்டு வாரம் பிடிக்கும், வழியில் 53 தங்கல் ஊர்கள். உதாகவா ஹிரோஷிகே அந்த 53 ஊர்களோடு புறப்படும் இடமான நிஹோன்பாஷியையும் சேருமிடமான கியோட்டோவையும் சேர்த்து 55 படங்கள் வரைந்தார், 1833, 34 வாக்கில் ஹோயெய்டோ என்ற பதிப்பகம் அவற்றை மரக்கட்டை அச்சில் வெளியிட்டது. கம்பரா 15ஆவது தங்கல் ஊர். நிஹோன்பாஷி முன்னால் இருப்பதால் வரிசையில் 16ஆவது படம். படத்துக்குத் துணைத் தலைப்பு 'இரவுப் பனி'.

சரிவான ஒரு தெரு, பனியில் அமுங்கிய கூரைகள், பின்னால் மலை, மூன்றே ஆட்கள். வலப்பக்கம் இரண்டு பேர் குனிந்தபடி மேடேறிப் போகிறார்கள், அதில் ஒருவர் மேல் வைக்கோல் மழையங்கி. இடப்பக்கம் ஒருவர் பாதி மடக்கிய குடைக்குள் தலையை விட்டுக்கொண்டு கைத்தடியை ஊன்றி எதிர்ப்பக்கமாகப் போகிறார். ஒருத்தர் முகமும் நமக்குத் தெரியாது. உடைகளில் துளி நீலம், துளி மஞ்சள், தலைப்புப் பக்கம் சிவப்பு முத்திரை; மற்றதெல்லாம் கருப்பும் சாம்பலும் வெறும் தாளும்தான். இதில் வேடிக்கை என்னவென்றால் கம்பரா இருக்கும் ஷிசுவோக்கா கடற்கரையில் பனி விழுவதே அபூர்வம். 1832இல் ஷோகன் என்ற ராணுவ ஆட்சியாளரின் அரசு கியோட்டோ அரண்மனைக்குக் குதிரைகளை அனுப்பிய ஊர்வலத்தோடு ஹிரோஷிகே இந்த வழியாகப் போனார் என்று ஒரு கதை உண்டு. நம்பாத ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். நம்பினாலும் அந்தக் குதிரைச் சடங்கு எட்டாம் மாதத்தில் நடப்பது, வேர்த்து வழிகிற சமயம். ஆக அந்தப் பனி முழுக்க அவர் மண்டைக்குள் பெய்தது.

எனக்கு இந்தப் படம் முதலில் அறிமுகமானது தபால்தலையாக. 1960இல் சர்வதேசக் கடித வாரத்துக்காக ஜப்பானில் 30 யென் மதிப்பில் வெளியான தலை. டோக்கியோவின் நிஷிகசாயில் இருக்கும் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் ஒரு பழைய தபால்தலைக் கடை உண்டு, அங்கே கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து, ஒரு நாள் உள்ளே போய் வாங்கிவிட்டேன். விரல் அளவு படத்திலேயே குளிர் அடித்தது. இதை எப்படி வெறும் கட்டையும் தாளும் வைத்துச் செய்தார்கள் என்று தோன்றியது, அங்கே ஆரம்பித்த வினை இது.

அந்தக் காலத்தில் இது நாலு தரப்பு வேலை: வரைகிறவர் ஒருவர், செதுக்குகிறவர் ஒருவர், அச்சடிக்கிறவர் ஒருவர், இவர்கள் எல்லோரையும் வேலை வாங்கிக் காசு போடுகிற பதிப்பாளர் ஒருவர். வரையும் பாவத்தை நான் செய்யவில்லை, ஹிரோஷிகே பார்த்துக்கொண்டார். மூலப் படம் கிட்டத்தட்ட 38க்கு 25 சென்டிமீட்டர். என் கைக்கும் பொறுமைக்கும் அது அதிகம், அதனால் 24க்கு 15.5 என்று சுருக்கிக்கொண்டேன். பலகை அப்போது யமஸகுரா என்ற மலைச் செர்ரி மரம், இரும்பு மாதிரி இருக்கும், மயிரிழைக் கோட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நான் வாங்கியது ஷினா ப்ளைவுட். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெட்டுவது, விலை குறைவு, வெண்ணெய் மாதிரி வெட்டும். வெண்ணெய் மாதிரியே உடையவும் செய்யும், அதற்கு அப்புறம் வருகிறேன். இரண்டு பலகை, இரண்டு பக்கமும் வெட்டலாம், ஆக நாலு முகம். முதல் முகம் கருப்புக் கோடுகளுக்கு, இரண்டாவது வெளிர் சாம்பலுக்கு (வானம், மலையின் நிழல், கூரையின் அடிப்பக்கம்), மூன்றாவது அதே வானத்தின் மீது விழும் அடர்ந்த கருப்புக்கு, நாலாவது ஆட்களின் நீலம், மஞ்சள், முத்திரைச் சிவப்புக்கு. இந்தத் திட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது.

படத்தை மெல்லிய தாளில் அச்செடுத்து, முகம் கீழே இருக்கும்படி பலகையில் ஒட்டி, பசை காய்கிற பக்குவத்தில் தாளின் முதுகை விரலால் தேய்த்துத் தேய்த்து உரித்துவிட்டால், கோடு மட்டும் மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் கொஞ்சம் எண்ணெய் தடவினால் மிச்சமிருக்கும் தாளும் கண்ணாடி போல ஆகிவிடும். இதற்கு இங்கே காமெலியா எண்ணெய் சொல்கிறார்கள். வீட்டில் இருந்தது தேங்காய் எண்ணெய். ஜனவரிக் குளிரில் அது பாட்டிலுக்குள் மெழுகாக உறைந்து கிடந்தது, ஹீட்டர் முன்னால் வைத்து உருக்கி எடுத்தேன். வேலை செய்தது, வீடு முழுக்க எண்ணெய்க் குளியல் வாசனை.

பசைக்கு நோரி, அதாவது அரிசிப் பசை. கடையில் டியூபில் கிடைக்கும். புத்தகத்துக்கு அட்டை போட அம்மா மைதா காய்ச்சுவார் இல்லையா, அந்தப் பதம்தான், இன்னும் கொஞ்சம் வழுவழுப்பு.

இங்கே முதல் சொதப்பல். முகம் கீழே ஒட்டினாலே படம் மரத்தில் இடவலம் மாறிவிடும், அச்சில் மறுபடி நேராகும். நான் புத்திசாலித்தனமாகக் கணினியிலேயே படத்தைத் திருப்பி அச்செடுத்து, அதையும் முகம் கீழே ஒட்டிவிட்டேன். தாளை உரித்து, எண்ணெய் தடவி, 'ஆகா எவ்வளவு தெளிவு' என்று பார்த்துக்கொண்டே இருக்கையில் மூலையில் கம்பரா என்ற எழுத்துகள் அழகாக, நேராக, படிக்கிற மாதிரியே தெரிந்தன. மரத்தில் எழுத்து நேராகத் தெரிந்தால் அச்சில் இடவலம் மாறி விழும். குடைக்காரர் வலப்பக்கம் போயிருப்பார். நல்லவேளை கத்தி வைக்கும் முன் கண்ணில் பட்டது. வெந்நீர்த் துணியால் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுநாள் முதலிலிருந்து.

வெட்டுவதற்கு முக்கியமாகக் கத்தியும் நகவுளியும் போதும். கோட்டின் இரு பக்கமும் கத்தியால் கீறவேண்டும், அதுவும் செங்குத்தாக அல்ல, கோட்டிலிருந்து வெளியே சாய்த்து, அப்போதுதான் நிற்கிற கோட்டுக்கு அடிப்பக்கம் அகலமாக, வரப்பு மாதிரி பலம் இருக்கும். இதைப் படித்திருந்தேன். படித்தது கைக்கு வர ஒரு வாரம் ஆகும் என்பது எங்கேயும் எழுதியிருக்கவில்லை. குடைக்காரரின் கைத்தடி ஒரே ஒரு கோடு, அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. இரவு பதினொன்றரைக்கு அதன் வலப்பக்கத்தைக் கீறிக்கொண்டிருந்தேன், தூக்கம் கண்ணைச் சுழற்றியது, கத்தி உள்பக்கமாகச் சாய்ந்துவிட்டது போல. நகவுளியால் பக்கத்து மரத்தை எடுக்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம், கைத்தடியின் கீழ்ப்பாதி ப்ளைவுட்டின் மேலடுக்கோடு சேர்ந்து சிம்பாகப் பெயர்ந்து வந்து என் கட்டை விரல் நகத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

அதை அப்படியே ஒட்டிவிடலாமா என்று பார்த்தேன், ஒட்டினால் அடுத்த தேய்ப்பில் போய்விடும். பழைய செதுக்குக்காரர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள், இரெக்கி என்று பெயர்: கெட்டுப்போன இடத்தைச் சின்னக் குழியாக எடுத்துவிட்டு, அதே அளவில் வேறு மரத்துண்டு இறுக்கி, மட்டம் தட்டி, மறுபடி செதுக்குவது. சொத்தைப் பல்லுக்கு அடைக்கிற அதே வேலை. தீக்குச்சி நீளத்தில் பாதி இருக்கும் ஒரு பள்ளம் எடுத்தேன், அடியை விட வாய் ஒரு துளி அகலமாக. மிச்சப் பலகையிலிருந்து ஒரு சில்லு சீவி, இழை ஒரே திசையில் வருகிற மாதிரி பார்த்து, ஃபெவிக்கால் மாதிரி இங்கே கிடைக்கும் வெள்ளைப் பசை தொட்டு, சுத்தியல் காம்பால் மெதுவாகத் தட்டி இறக்கினேன். ஒரு ராத்திரி காயவிட்டு மேலே துருத்தியதைச் சீவி எடுத்ததும் தடவினால் தெரியவில்லை. அதில் புதுக் கைத்தடி வெட்டினேன். மொத்தப் படத்திலும் எனக்குத் திருப்தியான கோடு எது என்று கேட்டால் அதுதான். அன்றைக்கே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டேன், பத்து மணிக்கு மேல் கத்தி எடுப்பதில்லை.

அப்புறம் கென்டோ. ஒவ்வொரு முகத்தின் கீழ்ப்பக்கமும் வெட்டுகிற இரண்டு சின்னப் படிகள்: வலது மூலையில் 'ட' மாதிரி ஒன்று, அதே விளிம்பில் இடப்பக்கமாக ஒரு நேர்க்கோடு. தாளின் மூலையை முதலாவதில் உட்கார வைத்து, விளிம்பை இரண்டாவதில் தொடவைத்துப் படுக்கப் போட்டால், நாலு முகத்திலும் தாள் ஒரே இடத்தில் விழும். இவ்வளவுதான் தொழில்நுட்பம், இதை வைத்துக்கொண்டு பதினைந்து இருபது நிறம் வரை அச்சடித்திருக்கிறார்கள். ஜப்பானியப் பேச்சில் கென்டோ என்றால் உத்தேசம், கணிப்பு. 'கென்டோ சிகாய்' என்றால் தப்புக் கணக்கு. அலுவலகத்தில் என் முதல் அச்சைப் பார்த்த சக ஊழியர் சிரித்துக்கொண்டே சொன்னது இந்த இரண்டு வார்த்தையைத்தான்.

முதல் முகம் முடிந்ததும் அதிலிருந்து ஏழெட்டு மெல்லிய தாளில் கோட்டுப் படத்தை அச்செடுத்து, கென்டோ அடையாளமும் சேர்ந்து விழும்படி மை தொட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் வரும் இடத்தைத் தீட்டி, மற்ற முகங்களில் ஒட்டினேன். பசை ஈரத்தில் தாள் விரிந்துகொள்ளும், இழுத்து ஒட்டாதீர்கள், மெதுவாகப் பரத்துங்கள். நான் இழுத்து ஒட்டினேன். மலையின் நிழல் அரை மில்லிமீட்டர் வெளியே வந்தது, பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

இப்போது பனி. இந்தப் படத்தில் பனிக்கென்று ஒரு பொட்டு வெள்ளை நிறம் கூட அடிப்பதில்லை. தெருவில் குவிந்த பனி, கூரைப் பனி எல்லாம் வெறும் தாள். விழுகிற பனித்துளிகள் வானத்துச் சாம்பல் பலகையில் தோண்டிய சின்னக் குழிகள்: அங்கே மரம் இல்லை, ஆகவே மை இல்லை. வேறு சில பனிப் படங்களில் சிப்பிப் பொடியில் செய்த கோஃபுன் என்ற வெள்ளையைத் தெளித்திருக்கிறார்கள். தெளித்தால் பத்து நிமிட வேலை. எனக்கு அந்தக் குறுக்கு வழி பிடிக்கவில்லை, வீம்பு. சின்ன நகவுளியை நிறுத்தி ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு துளி. இரண்டு இரவு உட்கார்ந்து 212 துளி. எண்ணிக்கொண்டே வெட்டினேன், வேறு என்ன செய்வது.

மூன்றாவது முகத்திலும் அதே 212. வெளிர் சாம்பல் மேல் அடர் கருப்பு விழும்போது இரண்டிலும் குழி இருந்தால்தானே தாள் வெள்ளையாக மிஞ்சும்? அதற்கு ஒட்டியதும் உரித்ததும் சேர்த்து நாலு இரவு.

வெட்டி முடித்த பலகையை அம்மாவிடம் கேமராவில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஏண்டா, இது நேர்ப்புள்ளியா ஊடுபுள்ளியா?" என்றார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சின்ன வயசில் வாசலில் பார்த்துப் பழகிய கை, அதுபாட்டுக்கு ஒரே இடைவெளியில், ஒரே அளவில், வரிசை கட்டி வைத்துக்கொண்டு போயிருக்கிறது. பனி பெய்யவில்லை, கோலம் போடுவதற்குத் தயாராக இருந்தது வானம். ஹிரோஷிகேயின் துளிகள் அப்படி இல்லை, ஓரிடத்தில் நெருங்கி ஓரிடத்தில் விட்டு, சிலது கடுகு, சிலது மிளகு. பெரிய உளி எடுத்து இங்கும் அங்கும் ஒரு முப்பது துளியைப் பெரிசாக்கி, சிலவற்றைச் சேர்த்து ஒன்றாக்கி வரிசையைக் குலைத்தேன். தோண்டியதை அடைக்க முடியாது, கூட்டத்தான் முடியும்.

தாள் ஹோஷோ, கோஸோ என்கிற மரப்பட்டை நாரில் செய்வது. மை ஊறிப் பரவாமல் இருக்க அதற்கு ஒரு பூச்சு உண்டு, பெயர் டோஸா. நம் தோசையைத்தான் நினைப்பீர்கள், சம்பந்தம் இல்லை. படிகாரமும், நம் ஆசாரிகள் வஜ்ஜிரம் என்பார்களே அந்த மாதிரி விலங்குத் தோல் பசையும் கலந்த தண்ணீர். பூச்சுப் போட்ட தாளாகவே வாங்கினேன், பெரிய தாள் பத்து, நாலு நாலாக வெட்டி 40. அச்சடிப்பதற்கு முந்தின இரவு ஒன்று விட்டு ஒரு தாளைத் தூரிகையால் நனைத்து, அடுக்கி, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வைக்கவேண்டும். காலையில் எல்லாத் தாளும் ஒரே ஈரத்தில், கன்னத்தில் வைத்தால் சில்லென்று, ஆனால் கை ஈரமாகாத பதத்தில் இருக்கும். ரொம்ப நாள் அப்படியே விட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் குளிர்பெட்டியில் வைத்தேன். மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில். டோஸாவும் தோசையும் ஒரே தட்டில் இருந்தது இந்த வீட்டில்தான் என்று நினைக்கிறேன், மனைவிக்கு அதில் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை.

முதல் சுற்று 12 தாள். பன்னிரண்டும் போச்சு. கோடு விழுந்தது, வெளிர் சாம்பல் விழுந்தது, அதுவரை 'அடடா' என்றுதான் இருந்தது. மூன்றாவது முகத்தை அடித்துத் தாளைத் தூக்கிப் பார்த்தால் வானம் முழுக்க அரைப் பிறைகள். இரண்டு முகத்துக் குழிகளும் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை, ஒரு துளிக்கு இடப்பக்கம் வெள்ளை, வலப்பக்கம் சாம்பல். வரிசையைக் குலைக்கிறேன் என்று இரண்டிலும் தனித்தனியாக உளி போட்டதும் சேர்ந்துகொண்டது. போதாததற்கு டோக்கியோ குளிர்காலக் காற்று வறண்டது, ஹீட்டர் வேறு ஓடுகிறது. ஐந்தாறு தாள் போவதற்குள் அடுக்கின் ஓரம் காய்ந்து சுருங்கிவிடும், சுருங்கிய தாளுக்குக் கென்டோ என்ன செய்யும். அன்றைக்கு ராத்திரி பலகையை மேசைக்கடியில் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அந்த வழிக்கே போய்விட்டு வந்தேன். டோக்கைடோ ரயில் தடத்தில் ஷின்-கம்பரா என்று ஒரு நிலையம் இருக்கிறது. ஊர் 2006இலிருந்து ஷிசுவோக்கா நகரத்தோடு சேர்ந்துவிட்டது. பழைய தெருவில் சில மரவீடுகள், 'இரவுப் பனி'க்கு ஒரு நினைவுக் கல், பளீரென்று வெயில். மேல்கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு நடந்தேன். அங்கிருந்து அடுத்த தங்கல் யுய், அந்தக் கால அளவில் ஒரு ரி, நாலு கிலோமீட்டர் இருக்கும். சரிவெல்லாம் மிக்கான் ஆரஞ்சு, கடைகளில் சகுரா இறால். யுய்யில் ஹிரோஷிகேக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

கம்பரா படத்தில் இரண்டு விதம் உண்டு என்பது முன்பே தெரியும்: ஒன்றில் வானத்தின் உச்சி கருத்து கீழே வர வர வெளுக்கும், இன்னொன்றில் மலைக்கும் கூரைக்கும் மேலே கருத்து உயரப் போகப் போக வெளுக்கும். ஒரே பலகை, அச்சடிக்கிறவர் மையை எந்தப் பக்கம் வைத்தார் என்பது மட்டும்தான் வித்தியாசம். 'அச்சடிக்கிறவர் மையை எந்தப் பக்கம் வைத்தார்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ரயிலில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. பொகாஷி என்கிற இந்த மங்கல் அடிப்புக்குத் தனிப் பலகை எதற்கு? அதே வானத்துப் பலகையில் முதலில் சீரான சாம்பல் ஒரு தடவை, காயாமல் இருக்கும்போதே அதே பலகையில் மேல் ஓரத்துக்கு மட்டும் கருப்பு வைத்து இன்னொரு தடவை. குழி ஒரே குழி, விலக வழியே இல்லை. நான் என்னவோ ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு லேயர் என்று கணினிக்காரன் புத்தியில் வெட்டித் தள்ளியிருக்கிறேன்.

இரண்டாம் சுற்று, இரண்டாவது முகம் மட்டும். பொகாஷி செய்கிற விதம் இது: மங்கல் வரவேண்டிய பகுதியை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, தூரிகையின் ஒரு மூலையில் மட்டும் கருப்பும் துளி அரிசிப் பசையும் எடுத்து, பலகையின் மேல் விளிம்போடு ஒட்டிக் குறுக்காக இழுக்கவேண்டும், இரண்டு மூன்று தடவை, கையைத் துளி கூடக் கீழே இறக்காமல். கருப்பு தானாகவே தண்ணீரில் கீழ்ப்பக்கம் கரைந்து இல்லாமல் போகும். பார்க்கிற அழகு இருக்கிறதே. தாளைப் போட்டு, முதுகில் பாரெனால் (மூங்கில் மடல் சுற்றிய தட்டையான அமுக்கி) வட்டமும் நீளமுமாகத் தேய்த்து எடுக்கவேண்டும். முதல் நாலு தாளில் துணி ரொம்ப ஈரம், கருப்பு வழிந்து கூரை வரை வந்துவிட்டது. அடுத்த நாலில் பயந்துகொண்டு ஈரத்தைக் குறைத்தேன், பசையையும் குறைத்தேன், வானம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாகச் சொரசொரப்பு. இதற்கும் பெயர் வைத்திருக்கிறார்கள், கோமா-ஸுரி, எள் அச்சு. வேண்டுமென்றே செய்தால் கலை, வேண்டாமல் வந்தால் என் கதை. கையில் இருந்த பாரென் மலிவுச் சாமான், நான்கூட மணிக்கட்டை மட்டும் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று, தோள் எடையை இறக்கித் தேய்த்ததும் எள் குறைந்தது. ஹீட்டரை அணைத்துவிட்டு, மேல்கோட்டு போட்டுக்கொண்டு அச்சடித்தேன், தாள் சுருங்குவதும் நின்றது. குழிகளில் பசை சேர்ந்து அடைத்துக்கொள்ளும், மூன்று தாளுக்கு ஒரு தடவை பழைய பல் துலக்கியால் சுத்தம் செய்யவேண்டும். 12இல் மூன்று தேறியது.

மூன்றாம் சுற்றுக்கு அடிவானம் கருக்கிற விதத்தை எடுத்தேன், எனக்கு அதுதான் இன்னும் இரவாகத் தோன்றுகிறது, வெளிச்சம் ஊரை விட்டு மேலே போய்விட்ட மாதிரி. ஆனால் இதில் ஒரு சங்கடம். மலை நிழலும் வானமும் இரண்டாவது முகத்தில் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. மலையை ஒட்டிக் கருப்பு வைத்தால் தூரிகை மலைக்குள்ளும் போகும், துடைத்தால் வானமும் சேர்ந்து அழியும். பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றை மலை வடிவில் வெட்டி மூடிப் பார்த்தேன், அடியில் மை கசிந்தது. அப்போது மேசைக்கடியில் கிடந்த மூன்றாவது முகம் ஞாபகம் வந்தது. அதில் வானம் மட்டும்தான் இருக்கிறது, மலை இல்லை. வானத்துச் சாம்பல், கருப்பு இரண்டையும் அதிலேயே அடித்துவிட்டு, இரண்டாவது முகத்தை மலை நிழலுக்கும் கூரைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு இரண்டாவது முகத்தின் வானத்தை, அந்த 212 துளியோடு, மொத்தமாகச் சீவி எடுக்கவேண்டும். எடுத்தால் உச்சி கருத்த அச்சை இன்னொரு தடவை இந்த முகத்திலிருந்து எடுக்க முடியாது. பலகையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு காபி குடித்து முடித்தேன், அப்புறம் அகல உளியை எடுத்தேன். இருபது நிமிடத்தில் வானம் சீவலாகத் தரையில் கிடந்தது, மனைவி பெருக்கிக்கொண்டு போனாள்.

நிறங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நீலத்துக்குப் பிரஷ்யன் நீலம், பெர்லினில் முதலில் செய்யப்பட்ட நிறம் என்பதால் ஹிரோஷிகே காலத்தில் இங்கே பெரோ என்றே பெயர், 1830களில் எல்லோரும் அதன்மேல் பைத்தியமாக இருந்தார்கள். மஞ்சள் கடையில் வாங்கிய சாதாரண கவாஷ், தண்ணீரில் கரைக்கிற ஓவிய வண்ணம். மூன்று நிறமும் ஒரே முகத்தில் தள்ளித் தள்ளி இருப்பதால் சின்னத் தூரிகையால் தனித்தனியாக வைத்து ஒரே தடவையில் அடித்துவிடலாம்.

மூன்றாம் சுற்றில் ஐந்து தேறியது. அதில் ஒன்றைத்தான், ஏழாவதாக அடித்ததை, எந்தச் சமாதானமும் சொல்லிக்கொள்ளாமல் சுவரில் மாட்ட முடிந்தது. அதில் கருப்பு கூரைகளை ஒட்டி அடர்ந்து, மேலே போகப் போக எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிகிறது, துளிகள் வெள்ளையாக நிற்கின்றன, இடது மேல் மூலையில் மட்டும் உற்றுப் பார்த்தால் நாலு துளி இன்னும் நேர்ப்புள்ளியில்தான் இருக்கிறது. அதைத் தபால்தலையின் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். அம்மாவுக்கு ஒன்று அனுப்பவேண்டும், "கம்பர் படம் எப்ப வரும்?" என்று இரண்டு தடவை கேட்டாயிற்று, வேண்டுமென்றேதான் கேட்கிறார்.

40இல் 36 போக நாலு தாள் நனைத்தபடியே குளிர்பெட்டியில் இருக்கிறது. நாளைக்கு இட்லி மாவு அரைக்கவேண்டுமாம், அந்தத் தட்டைக் காலி பண்ணச் சொல்லியாகிவிட்டது, அதனால் நாலையும் இன்றைக்கு ராத்திரியே அடித்தாகவேண்டும். பத்து மணிக்கு மேல் கத்திதான் எடுக்கக்கூடாது, பாரென் எடுக்கலாம்.